"சும்மா சொன்னதுதானே?" வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தைகளைக் கழற்றுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலி மைதானம், டென்னிஸ் பால் கிரிக்கெட். லாங் ஆனில் நின்ற பையன் ஆடி அசைந்து ஓடிவந்து லட்டு மாதிரி வந்த கேட்சைக் கோட்டை விட்டான். "ஓடி வர்றதுக்கு என்னடா, நொண்டியா நீ?" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள், விட்டவனும் சேர்ந்து சிரித்தான். ஓவர் முடிந்து தண்ணீர் குடிக்க வேப்பமரத்தடிக்கு வந்தால், அங்கே உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த தம்பி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்: "அவன் கேட்ச் விட்டதுக்கு நான் என்னண்ணே பண்ணேன்?"

அவனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. ஆறு வருடமாக எங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறான். அந்த ஆறு வருடமும் நான் வாரத்துக்கு நாலு தடவையாவது அந்த வார்த்தையை அவன் காதுபடக் கத்தியிருப்பேன், ஒரு தடவைகூட அவனை நினைத்துக் கத்தியதில்லை. அதுதான் விஷயமே. நினைத்துச் சொல்லியிருந்தால் சண்டை என்றாவது ஆகியிருக்கும்.

"கெட்ட வார்த்தை பேசாதீர்கள்" என்று சொல்ல நான் வரவில்லை. என் வாய் ஒன்றும் அவ்வளவு சுத்தமில்லை, நடுரோட்டில் வண்டி பஞ்சர் ஆனால் நானும் நாலு வார்த்தை சொல்வேன். ஆனால் "பேச்சுவாக்கில் சொல்றதுல என்ன தப்பு" என்று கேட்கிறவர்களுக்கு, அன்றைக்கு அந்தத் தம்பி கேட்ட கேள்வியைத்தான் அளவுகோலாகக் கொடுக்க முடியும். நீங்கள் ஒருவரைத் திட்டும்போது, சண்டையிலேயே இல்லாத இன்னொருவருக்கு அடி விழுகிறதா? விழுகிறது என்றால் அந்த வார்த்தையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். எப்படி விடுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. நான் விட்ட கதையையே சொல்கிறேன்.

முதலில் கணக்கெடுப்பு

ஒரு தாளை எடுத்து, ஒரு நாளில் உங்கள் வாயில் வருகிற வசவுகளை எல்லாம் எழுதிப் பாருங்கள், பொய் சொல்லாமல். குறுக்கே வண்டியை விட்டவனுக்குச் சொன்னது, ஹேங் ஆன கம்ப்யூட்டரைச் சொன்னது, பாத்ரூமில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துகொண்ட தம்பியைச் சொன்னது, அப்புறம் செல்லமாகச் சொன்னது. எழுதி முடித்துவிட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இது யாருடைய பெயர் என்று எழுதுங்கள்.

எருமை என்பது எருமையின் பெயர், அது வந்து நியாயம் கேட்காது. தடிமாடும் அப்படித்தான். வெங்காயம், பெரியார் மேடைக்கு மேடை வீசிய வார்த்தை, இன்றுவரை எந்த வெங்காயமும் வருத்தப்பட்டதில்லை. பேமானி என்றால் ஈமான் இல்லாதவன், நேர்மை கெட்டவன் என்று பொருள், உருது வழியாக வந்தது, ஏமாற்றினவனைப் பார்த்துச் சொன்னால் அவன் செய்ததைத்தான் சொல்கிறீர்கள். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இவையும் வலிக்கும்தான், யாரிடம் எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து நன்றாகவே வலிக்கும், ஆனால் வலி சண்டைக்குள்ளேயே முடிந்துவிடும்.

தாளின் மறுபக்கம்தான் சங்கடமானது. எனக்கு முதலில் மாட்டியது கம்மனாட்டி. எங்கள் அப்பத்தா என்னைக் கொஞ்சினாலும் திட்டினாலும் அந்த ஒரே வார்த்தைதான், "கம்மனாட்டிப் பயலே, சாப்பிட்டியா இல்லையா?" அதனால் அது எனக்கு ஏதோ இனிப்புப் பண்டத்தின் பெயர் மாதிரியே இருந்தது. கைம்பெண்டாட்டி தேய்ந்துதான் கம்மனாட்டி ஆனது, விதவை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை என்று கல்லூரியில் தமிழ் வாத்தியார் சொன்ன நாளில் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஏனென்றால் அப்பத்தா இருபத்தாறு வயதில் தாத்தாவைப் பறிகொடுத்தவர். வீட்டுக்கு வந்து, கொஞ்சம் தயங்கித் தயங்கி, "அதுக்கு அர்த்தம் தெரியுமா அப்பத்தா?" என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "தெரியாம என்ன? எங்க மாமியா என்னைய அப்படித்தான கூப்பிட்டாக."

அதன் பிறகு மற்றதையும் தோண்டினேன். அறுதலி என்றால் தாலி அறுத்தவள். முண்டச்சி என்றால் தலை மழிக்கப்பட்ட விதவை. தெருச் சண்டையில் சர்வசாதாரணமாகப் பறக்கிற மூன்று வார்த்தைகளும் புருஷன் செத்த பெண்ணின் பெயர்களாக இருக்கின்றன, அதில் ஒன்றை நாம் ஆம்பளைகளைத் திட்டவே அதிகம் வைத்திருக்கிறோம். அம்மாவை இழுக்கிற அந்த வார்த்தையும் இதே குடும்பம்தான். அதை இங்கே எழுதவில்லை, உங்களுக்கே தெரியும், இடக்கரடக்கல் என்று இலக்கணத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. அது தேவரடியார் என்ற சொல்லிலிருந்து வந்தது, கோயில் பணிக்கென்று விடப்பட்ட பெண்களுக்கு இருந்த பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்தப் பெண்கள் கோயிலுக்கு நிலமும் பொன்னும் கொடை கொடுத்தவர்களாகப் பேர் சொல்லி வருகிறார்கள். பிறகு அந்த முறையே பெண்களைச் சுரண்டுகிற ஏற்பாடாகிப் போய், முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 1947ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். முறை போய்விட்டது, வசவு மட்டும் நம் வாயில் சாகாமல் இருக்கிறது.

அடுத்து கேப்மாரி. இதைப் படித்துவிட்டு உங்களுக்கும் என்னைப் போல ஒரு நிமிடம் திக்கென்று ஆகலாம். கேப்மாரி என்பது ஒரு சமூகத்தின் பெயர். 1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் விரித்து, பிறந்த குழந்தையில் இருந்தே திருடன் என்று முத்திரை குத்திய கூட்டங்களில் அவர்களும் உண்டு. 1952ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் போய்விட்டது, இன்றைக்கும் தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். ஒரு பையன் சாதிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸ் கவுண்டரில் நின்று தன் சமூகத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்கிற காட்சியை மட்டும் நினைத்துப் பாருங்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவன் சிரிப்பானா மாட்டானா?

சண்டாளன் விஷயமும் இதுதான். ஒப்பாரியில் வரும், கோபத்தில் வரும், "சண்டாளப் பாவி" என்று பாட்டிகள் சொல்வார்கள். பட்டியல் சாதிகளின் அரசுப் பட்டியலில் அது ஒரு சமூகத்தின் பெயர், அதை நகைச்சுவையிலும் பாட்டிலும் மேடையிலும் இழிவாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையமே சொல்ல வேண்டி வந்தது. காலனி என்ற வார்த்தையைப் பாருங்கள், அகராதியில் அது வெறும் குடியிருப்பு. நம் ஊரில் "காலனிக்காரன்" என்றால் யாரைச் சொல்கிறார்கள், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், அந்தச் சொல் வசைச் சொல்லாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குகிறோம் என்று அறிவித்தார். வார்த்தையில் ஒரு எழுத்துகூடத் தப்பாக இல்லை, சொன்ன வாய்கள்தான் அதை அப்படி ஆக்கின.

வெளியில் தெரியாதவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்

காலிலோ கண்ணிலோ குறை என்றால் பெரும்பாலும் பார்த்தாலே தெரியும், "ஐயோ அவர் இருக்கார், பாத்துப் பேசு" என்று சுதாரித்துக்கொள்ளலாம். லூசு, மென்டல், "கீழ்ப்பாக்கம் கேஸ்" இதெல்லாம் அப்படி இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் குட் மார்னிங் சொல்வது மாதிரி "டேய் மென்டல்" என்போம். அங்கே ஒருவர் மதியம் சாப்பிட்டதும் ஒரு வைட்டமின் டப்பாவைத் திறந்து மாத்திரை போடுவார். "என்ன சார், உடம்பைத் தேத்துறீங்களா?" என்று கிண்டல் செய்வோம், அவரும் சிரிப்பார். வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோதுதான் சொன்னார், அது மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை, பட்டையிலிருந்து பிரித்து அந்த டப்பாவில் போட்டுக்கொண்டு வருவேன் என்று. மூன்று வருடம் அப்படிச் செய்திருக்கிறார். எங்களில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருவரை ஒருவர்தான் சொல்லிக்கொண்டோம்.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருப்பது ஒரு மனநல ஆஸ்பத்திரி, 1794ல் தொடங்கிய பழைய மருத்துவமனையின் தொடர்ச்சி. அங்கே போகக் கூச்சப்பட்டு வீட்டிலேயே பூட்டி வைத்தவர்களும், மந்திரித்துவிட்டு வந்தவர்களும் எத்தனை பேர். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள், சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. "மென்டல்" என்று விளையாட்டுக்குச் சொன்னவன்தான் தீ வைத்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டாக்டரிடம் போவதைவிட மறைத்து வைப்பது மேல் என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது என்றால், அந்தப் பயத்தில் நம் கிண்டலுக்கும் பங்கு உண்டு.

வார்த்தையைப் பிடுங்கினால் ஓட்டை விழும், அதை அடைக்க வேண்டும்

நான் முதலில் செய்த தப்பு, "இனிமேல் சொல்ல மாட்டேன்" என்று சும்மா முடிவெடுத்தது. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கோபம் வருகிற வேகத்தில் வாய் பழைய இடத்துக்கே போகும், அங்கே வேறு ஒன்றைத் தயாராக வைத்தால்தான் உண்டு. எனவே தாளில் மாட்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே, நிஜமாகவே நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று எழுதுங்கள். கேட்ச் விட்டவனிடம் நான் சொல்ல வந்தது "வேகமா ஓடுடா" என்பதுதான். கை நழுவியது கோபம் என்றால் "கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?" இருக்கிறது, "ஓட்டைக் கை" இருக்கிறது, இரண்டிலும் சிரிப்பும் அதிகம்.

நொண்டிச் சாக்கு என்பதைச் சப்பைக் காரணம் என்று சொல்லிப் பாருங்கள், இன்னும் சுருக்கென்று இருக்கும். குருட்டு அதிர்ஷ்டத்துக்கு "யோகம் அடிச்சது" போதும். குருட்டாம்போக்கில் என்பதற்குக் குத்துமதிப்பாக. செவிடன் காதில் சங்கு ஊதினதற்குப் பதில் விழலுக்கு இறைத்த நீர். "லூசாடா நீ" என்று கேட்க வாய் வந்தால் "யோசிச்சுத்தான் பேசுறியா?" என்று கேளுங்கள், எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டும், லூசு என்றால் பதிலே தேவையில்லை. "பொம்பள மாதிரி அழாதடா" என்பதற்கு மாற்று தேடி மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அதற்கு மாற்றே வேண்டாம், அழுகிறவன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது, அலி, அந்த வரிசைக்கும் மாற்று கிடையாது. ஒருவன் நடக்கிற விதத்தையும் பேசுகிற விதத்தையும் வைத்துச் சொல்ல உங்களிடம் நியாயமான விஷயம் எதுவும் இருக்க முடியாது. திருநங்கை, திருநம்பி, திருநர் என்று மரியாதையான சொற்கள் வந்து வருடங்கள் ஆகின்றன, 2022ல் அரசே ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் பேச அந்தச் சொற்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதுச் சொல்லைப் பழைய தொனியில் சொன்னால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஊனமுற்றோர் போய் மாற்றுத்திறனாளி வந்தது, நல்ல விஷயம். ஆனால் மெதுவாக வேலை செய்கிறவனைப் பார்த்து "என்னப்பா, மாற்றுத்திறனாளியா?" என்று கேட்டுச் சிரிக்கிற ஆட்களை நானே பார்த்துவிட்டேன். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்துக்கு இருந்தது, இப்போது எங்கே நிற்கிறது பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் எந்தச் சொல்லும் நாறும். பெயரை மாற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், பத்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப் பெயர் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வாய் தவறிவிட்டால்

தவறும். எனக்கு இன்னமும் தவறுகிறது. அப்போது செய்யக் கூடாதது ஒன்று, "உன்னைச் சொல்லல, நீ ஏன் எடுத்துக்கிற?" என்று கேட்பது. அவரை நினைக்காமல் சொன்னதுதானே புகாரே. இன்னொன்று, "தப்பா நினைச்சிருந்தா மன்னிச்சிடு." இதில் தப்பை அவர் நினைத்ததாக ஆக்கிவிட்டீர்கள். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தப்பு என்னோடது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு பேச்சை அடுத்ததற்கு நகர்த்துங்கள். பெரிதாகக் கண்ணீர் விட்டு, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டால், கடைசியில் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும், அது இரண்டாவது தொல்லை. நான் அந்தத் தம்பியிடம் அப்படித்தான் சொதப்பினேன், மூன்று தடவை சாரி சொன்னேன், "விடுங்கண்ணே, ஸ்கோர் தப்பாயிரும்" என்றான்.

மற்றவர்கள் சொல்லும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆளைப் பொறுத்து. மாமனாரைக் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் திருத்தப் போனால் அந்த வார்த்தை இன்னும் பத்து வருடம் அவர் வாயில் உயிரோடு இருக்கும், வீம்புக்காகவே. தனியாகக் கிடைக்கும்போது, "மாமா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன தெரியுமா?" என்று கதை மாதிரி ஆரம்பியுங்கள், வயதானவர்களுக்குச் சொல்லின் கதை பிடிக்கும். கூட்டாளி என்றால் அந்த இடத்திலேயே "டேய், வேற ஏதாவது சொல்லித் திட்டுறா" என்றால் போதும். சிரிக்காமல் இருப்பதும் ஒரு வழி, கிண்டல் செய்கிறவனுக்குச் சிரிப்பு கிடைக்காவிட்டால் சீக்கிரம் அலுத்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் பொறுமை காட்டாதீர்கள். குண்டு, கருவாயன், சோடாபுட்டி என்று ஐந்தாம் வகுப்பில் ஒட்டின பெயர் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூடவே வரும். முளைத்த வாரமே பிடுங்கி எறிய வேண்டும்.

"எங்களுக்குள்ள அப்படித்தான் பேசிப்போம், எங்க சிநேகிதம் அப்படி" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரி, பேசுங்கள். தன் காலைப் பற்றித் தானே ஜோக் அடிக்கிறவர்கள் உண்டு, எங்கள் ஸ்கோரரே அடிப்பான், ரன் அவுட் ஆனவனைப் பார்த்து "எனக்கே ரன்னர் வெச்சா ஓடியிருப்பேன்" என்பான். அது அவன் சொத்து. அவன் சொன்னான் என்பதற்காக நமக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆகாது. இன்றைக்குச் சிரித்தவன் நாளைக்கு "வேணாம்டா" என்றால் அந்த நிமிடமே நிறுத்துகிற நட்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுப் பார்வையில் படுகிற இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலும் 2016ஆம் வருடச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் அதே அளவு தண்டனை உண்டு. ஆனால் நான் மைதானத்தில் கத்தியது எந்தப் பிரிவிலும் வராது, எனக்கு அப்படி ஒரு நோக்கமே இல்லையே. பேச்சுவாக்கில் வருவதில் முக்கால்வாசி அந்த ரகம்தான், போலீஸ் வராத இடம், நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் மைதானத்தில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். தாளின் மறுபக்கத்து வார்த்தை ஒன்று வாயில் வந்தால், சொன்னவன் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். தீர்ப்பு சொல்வது ஸ்கோரர், அப்பீல் கிடையாது. முதல் மாதம் என் பர்ஸ் காலி. இப்போது பையன்கள் வசவு கண்டுபிடிப்பதிலேயே கில்லாடிகள் ஆகிவிட்டார்கள், போன வாரம் கேட்ச் விட்டவனுக்கு "போண்டா கை" என்று பேர் விழுந்தது, ஏன் போண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்கோர் நோட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் தம்பி அதை அழகாக எழுதியும் வைத்திருக்கிறான். அதற்குக் கீழே என் கணக்கு: டீ பாக்கி, இரண்டு.